மேபெல் கார்ட்டர்: கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவரின் பெயர் ஏன் பின்வரிசையில் நின்றது?

யூடியூபில் கிட்டார் பாடம் தேடிப் பார்த்திருக்கீங்களா? அமெரிக்க நாட்டார் இசைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கினாலே ‘கார்ட்டர் ஸ்டைல்’ என்று ஒரு பாடம் வந்து நிற்கும். பாட்டின் மெட்டைக் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் வாசிக்கணும். அதே சமயம் ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடணும். வாசிப்பது ஒரே ஆள்தான், ஆனால் காதுக்கு இரண்டு பேர் வாசிப்பது போலக் கேட்கும். ஆரம்பத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. விடாமல் உட்கார்ந்தால் மெல்லப் பிடிபடும்.

அந்தக் ‘கார்ட்டர்’ ஒரு கம்பெனியின் பெயரோ, கிட்டார் மாடலின் பெயரோ இல்லை. மேபெல் கார்ட்டர் என்ற பெண்ணின் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில மலைப்பகுதியில் பிறந்தவர். 18 வயதில், கர்ப்பிணியாக, முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தவர். மூன்று மகள்களை வளர்த்தபடியே 50 ஆண்டுகள் மேடையில் இருந்தவர். நடுவில் கை வறண்டபோது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இரவு வேலைக்கும் போனவர். 1978-ல் இறந்தார்.

ப்ளூகிராஸ் இசையின் முன்னோடிப் பெண்கள் என்று பட்டியல் போட்டால் அவர் பெயர் மேலே வரும். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்தில் பல ஆண்டுகள் அவருடைய வாசிப்பு ஊரெல்லாம் பரவியிருந்தது, பெயர் மட்டும் பின்னாலேயே நின்றது. அது ஏன், பிறகு எப்படி மாறியது என்று பார்ப்போம்.

முதலில், ப்ளூகிராஸ் என்றால் என்ன?

பான்ஜோ, மாண்டலின், ஃபிடில், கிட்டார், பெரிய டபுள் பேஸ். இந்த ஐந்தும் சேர்ந்து, டிரம்ஸ் இல்லாமல், வேகமாக வாசிக்கப்படும் அமெரிக்க இசைதான் ப்ளூகிராஸ். ஃபிடில் என்பது நம்ம வயலினேதான், வாசிக்கும் பாணிதான் வேறு. மாண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார். அங்கே நினைவுக்கு வருபவர் பில் மன்றோ. கென்டக்கி மாநிலத்துக்காரர். கென்டக்கிக்கு ‘ப்ளூகிராஸ் மாநிலம்’ என்று செல்லப்பெயர் உண்டு என்பதால், தன் குழுவுக்கு ப்ளூகிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்தார். 1945-ன் கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற பான்ஜோ கலைஞர் அந்தக் குழுவில் சேர்ந்தபோது இந்த இசை இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பார்கள்.

பெயரிலேயே ‘பாய்ஸ்’. ஆனால் அந்தக் குழுவிலும் ஒரு பெண் இருந்தார். சாலி ஆன் ஃபாரஸ்டர் 1940களின் நடுவில் அதில் அக்கார்டியன் வாசித்தார், இசைத்தட்டுப் பதிவிலும் பங்கேற்றார். ‘ஆண்கள் இசை’ என்று சொல்லப்பட்ட ஒன்றில் பெண்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். அதற்கும் 18 ஆண்டுகள் முன்பே, இந்த இசைக்கான அஸ்திவாரக் கற்களில் ஒன்றை வைத்தவர் மேபெல்.

யார் இந்த மேபெல்?

1909 மே 10 அன்று, வர்ஜீனியாவின் ஸ்காட் கவுன்டியில் நிக்கல்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் ஆடிங்டன். அப்பலேச்சிய மலைத்தொடரின் மடியில் இருக்கும் பகுதி அது. வீட்டில் எல்லோருக்கும் பாட்டு வரும். ஆட்டோஹார்ப், பான்ஜோ, கிட்டார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேபெல் சிறுவயதிலேயே வாசிக்கப் பழகினார். ஆட்டோஹார்ப் என்பது பல தந்திகள் கொண்ட ஒரு பெட்டி வாத்தியம். பொத்தானை அழுத்தினால் வேண்டாத தந்திகள் அடங்கி, வேண்டிய சுரங்கள் மட்டும் ஒலிக்கும்.

அவருடைய ஒன்றுவிட்ட அக்கா சாரா, ஏ.பி. கார்ட்டர் என்பவரைக் கல்யாணம் செய்திருந்தார். 1926-ல், 16 வயதில், மேபெல் அதே வீட்டுக்கு மருமகளாகப் போனார். மாப்பிள்ளை, ஏ.பி.யின் தம்பி எஸ்ரா. ஊரில் எக் என்று கூப்பிடுவார்கள், ரயில்வே தபால் பிரிவில் வேலை பார்த்தவர். அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். சாராவுக்குக் கணீர் என்ற கனத்த குரல், மேபெலுக்குக் கிட்டார், ஏ.பி.க்குப் பாட்டு சேகரிக்கும் பித்து. கார்ட்டர் ஃபேமிலி என்ற குழு இப்படித்தான் உருவானது.

1927-ல் பிரிஸ்டலில் என்ன நடந்தது?

பிரிஸ்டல் ஒரு வித்தியாசமான ஊர். அதன் மெயின் ரோட்டுக்கு ஒரு பக்கம் வர்ஜீனியா, மறுபக்கம் டென்னசி. 1927 ஜூலை மாதம் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் அங்கே வந்து இறங்கினார். தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் தற்காலிக ஸ்டூடியோ போட்டு, மலைப்பகுதிப் பாடகர்களைத் தேடினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழாய்க்குள் கத்திப் பாடணும். பியர் கொண்டுவந்ததோ மின்சார மைக்ரோபோன். மெல்லிய குரலும், தந்தியின் நுண்மையான அதிர்வும் முதல்முறையாகத் தெளிவாகப் பதிவாகும் காலம் வந்திருந்தது.

கார்ட்டர் வீட்டிலிருந்து பிரிஸ்டல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இன்றைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்று மலைப்பாதை, ஆகஸ்ட் வெயில், டயர் பஞ்சர். கார், எக்குடையது. கர்ப்பிணி மனைவியை அவ்வளவு தூரம் அனுப்ப எக்குக்கு மனமே இல்லை என்றும், அவர் சோளக்கொல்லையில் களை எடுத்துத் தருவதாக அண்ணன் ஏ.பி. வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார் என்றும் அந்தக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். மேபெலுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரமே இருந்தது. சாராவிடம் கைக்குழந்தை.

ஆகஸ்ட் 1 மாலை நான்கு பாடல்கள், மறுநாள் இரண்டு. ஒரு பாட்டுக்கு 50 டாலர். இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாம் நாளை. அன்று பதிவு நடந்தபோது ஏ.பி. ஸ்டூடியோவில் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும் உட்கார்ந்து பாடி வாசித்தார்கள். அதில் ஒன்று, கல்யாணமாகாத பெண்ணின் சுதந்திரத்தையும், கல்யாணமான பெண்ணின் தொட்டில் வாழ்க்கையையும் அருகருகே வைக்கும் பாட்டு. வயிற்றில் பிள்ளையோடு ஒருவரும், கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த இன்னொருவரும் அதைப் பாடிப் பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டு நன்றாக விற்றது.

அதே ஸ்டூடியோவில் இரண்டு நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரும் பதிவு செய்தார். இருவரையும் பியர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார். அந்த வாரத்தை வைத்துத்தான் 1998-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பிரிஸ்டலைக் கன்ட்ரி இசை பிறந்த இடமாக அங்கீகரித்தது.

அந்த வாசிப்பில் அப்படி என்ன புதுசு?

நம்ம கச்சேரி மேடையை நினைச்சுக்கோங்க. பாடகர் நடுவில், பக்கவாத்தியம் பக்கத்தில். மலைப்பகுதிக் குழுக்களில் கிட்டாரின் நிலை அதைவிடவும் கீழே. மெட்டு வாசிப்பது ஃபிடிலும் பான்ஜோவும். கிட்டார் பின்னால் இருந்து ‘டும்-சக்’ என்று தாளம் மட்டும் போடும்.

கார்ட்டர் குழுவில் ஃபிடில் கிடையாது. மெட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும், தாளத்துக்கும் ஆள் வேண்டும். சாரா பாடிக்கொண்டே ஆட்டோஹார்ப் வாசிப்பார். ஏ.பி. நினைத்தபோது சேர்ந்து பாடுவார், நினைத்தால் எழுந்து நடப்பார். மீதி எல்லா வேலையும் மேபெலின் வலது கையில். இரண்டு பேர் சம்பளத்தில் ஆள் எடுக்க முடியாத சின்ன டீமில் ஒருவரே இரண்டு வேலையையும் பார்ப்பது மாதிரி. அவர் கண்டுபிடித்த தீர்வுதான் கட்டைவிரலுக்கு மெட்டு, ஆள்காட்டி விரலுக்குத் தாளம். சாராவின் குரல் கீழ் சுருதியில் அழகாக நிற்கும் என்பதால், கிட்டாரின் சுருதியையே இறக்கி வைத்துக்கொண்டார். கருவியின் வசதிக்குக் குரலை வளைக்காமல், குரலுக்காகக் கருவியை மாற்றிக்கொண்டார்.

1928 மே மாதம் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் பதிவான ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ இதற்குச் சரியான உதாரணம். 1860-ல் வெளியான ஒரு பழைய பாட்டின் நாட்டார் வடிவம் அது. வாய்வழியாக வந்ததில் வரிகள் மாறி, சில இடங்களில் அர்த்தமே புரியாது. ஆனால் கேட்பவர்கள் மனதில் நின்றது அந்தக் கிட்டார். மெட்டு தடித்த தந்திகளில் மணி மணியாக நடந்து போகும், மேலே தாளம் சிரிக்கும். பிறகு வந்த பல தலைமுறைகளுக்கு, கிட்டார் பழகுகிறவர் தாண்ட வேண்டிய படிகளில் ஒன்றாகவே அந்தப் பாட்டு ஆகிவிட்டது.

கொஞ்சம் பணம் வந்ததும் மேபெல் செய்த முதலீடு ஒன்று உண்டு. கிப்சன் நிறுவனத்தின் எல்-5 கிட்டார், விலை 275 டாலர். 1920களின் நடுவில் மலிவான ஃபோர்டு மாடல் டி கார் ஒன்றின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். 20 வயதுகூட ஆகாத ஒரு மலைக்கிராமப் பெண், தன் வேலைக்கான கருவிக்கு ஒரு கார் விலை கொடுத்தார். வாழ்நாள் முழுக்க அதையே வாசித்தார். இன்று அது நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாம் அவரே கண்டுபிடித்ததா?

இல்லை. இங்கே இன்னொரு பெயரையும் சொல்லியாகணும்: லெஸ்லி ரிடில். டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் இருந்த கறுப்பினக் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போனது, துப்பாக்கி விபத்தில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மீதி விரல்களை வைத்து அவர் வாசித்த ப்ளூஸ் பாணியைப் பார்த்து மேபெல் கற்றுக்கொண்டார்.

ஏ.பி. ஊர் ஊராகப் பாட்டு சேகரிக்கப் போகும்போது ரிடிலும் கூடப் போவார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் பதித்துக்கொண்டு வருவார். டேப் ரெக்கார்டர் இல்லாத காலத்தில் அந்த டேப் ரெக்கார்டர் ரிடில்தான். ஆனால் நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்மாநிலங்களில் அவர் அந்தக் குழுவோடு மேடையேற வழியில்லை. இசைத்தட்டிலும் அவர் பெயர் வரவில்லை. 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் அவரைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்த பிறகுதான் வெளியுலகுக்கு அவரைத் தெரிய வந்தது. ரிடிலைத் தேடிப் போகச் சீகருக்கு வழிகாட்டியது மேபெலின் நினைவுகள்தான்.

அப்படின்னா பெயர் யாருக்குப் போனது?

இசைத்தட்டுகளில் பாட்டுக்கு உரிமையாளராக அச்சானது ஏ.பி. கார்ட்டரின் பெயர். அது பியரின் வியாபார முறை. பழைய நாட்டார் பாட்டையும் கொஞ்சம் மாற்றி அமைத்து, அதற்கு ஒருவர் பெயரில் காப்பிரைட் வாங்கினால், அடுத்தடுத்து யார் பாடினாலும் பதிப்புரிமைப் பணம் வரும். ஏ.பி. சும்மா பெயர் வாங்கினார் என்று சொல்ல முடியாது. மலை மலையாக அலைந்து பாட்டு திரட்டியவர் அவர். ஆனால் அந்த முறையில் வரிக்கும் மெட்டுக்கும்தான் மதிப்பு. ஒரு பாட்டைக் காதில் நிற்க வைக்கும் கிட்டார் வாசிப்புக்கு உரிமையும் இல்லை, பெயரும் இல்லை.

மேடையிலும் அதே கதை. பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் நடந்த நிகழ்ச்சிகளுக்கு 15 சென்ட், 25 சென்ட் டிக்கெட். இது ஒழுக்கமான நிகழ்ச்சி என்ற உத்தரவாதமும் நோட்டீஸில் அச்சாகும். பெண்கள் மேடையேறுவதைச் சந்தேகத்தோடு பார்த்த காலம். ‘குடும்பம்’ என்ற சொல் அவர்களுக்கு ஒரு குடையாக இருந்தது. அதே குடை தனித்தனிப் பெயர்களை மறைக்கவும் செய்தது.

1927 முதல் 1941 வரை 250-க்கும் மேற்பட்ட பாடல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில்தான் மேபெலுக்கு ஹெலன், ஜூன், அனிதா என்று மூன்று மகள்கள் பிறந்தார்கள். நடுவில் பொருளாதாரப் பெருமந்தம். இசைத்தட்டு விற்பனை படுத்தது. ஏ.பி. வேலை தேடி டெட்ராய்ட் போனார், மேபெல் கணவரின் வேலைக்காக வாஷிங்டன் போனார். பதிவு என்றால் எல்லோரும் வந்து கூடுவார்கள், முடிந்ததும் பிரிவார்கள்.

எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு ரேடியோ

1938-ல் வந்தது அடுத்த திருப்பம். அமெரிக்காவில் ஒரு ரேடியோ நிலையத்துக்கான உச்சவரம்பு 50,000 வாட். எல்லையைத் தாண்டி மெக்சிகோவில் நிலையம் போட்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆட்டுச் சுரப்பியை மனிதருக்குப் பொருத்தி ஆண்மையைத் திருப்பித் தருவதாக விளம்பரம் செய்து சம்பாதித்த ஜான் பிரிங்க்லி என்ற போலி மருத்துவர், டெக்சாஸ் எல்லைக்கு எதிரே எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற நிலையத்தை நடத்தினார். அதன் சக்தி அமெரிக்க வரம்பைவிடப் பல மடங்கு.

அந்த நிலையத்தில் தினமும் பாட கார்ட்டர் ஃபேமிலிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. குளிர்காலம் முழுக்க டெக்சாஸில் தங்கிப் பாடுவார்கள். மருந்து விளம்பரங்களுக்கு நடுவே வந்த அந்தக் குரல்களும் கிட்டாரும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. இசைத்தட்டு வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் ரேடியோவுக்குக் காது கொடுத்து மேபெலின் வாசிப்பைப் பழகினார்கள். மகள்களும் அங்கேதான் சின்ன வயதில் மைக் முன்னால் நின்றார்கள்.

வீட்டுக்குள்ளோ வேறு நிலை. சாராவும் ஏ.பி.யும் 1936-லேயே விவாகரத்து பெற்றிருந்தார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள் தொழிலுக்காகச் சேர்ந்து பாடினார்கள். 1943-ல் குழு கலைந்தது. சாரா கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார், ஏ.பி. ஊருக்குத் திரும்பினார். மேபெலுக்கு வயது 34.

தலைமைப் பொறுப்புக்கு வந்த அம்மா

அதுவரை மேபெல் முன்னின்று குழு நடத்தியதில்லை. இப்போது மகள்களைச் சேர்த்துக்கொண்டு மதர் மேபெல் அண்ட் த கார்ட்டர் சிஸ்டர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். ஹெலனுக்கு அக்கார்டியன், அனிதாவுக்கு டபுள் பேஸ், ஜூனுக்கு நகைச்சுவையும் ஆட்டோஹார்ப்பும். ரிச்மண்ட், நாக்ஸ்வில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ரேடியோ நிலையம் மாறி நிலையம் மாறிப் பிழைப்பு. ‘மதர்’ என்ற அடைமொழியோடு என்றாலும், முதல்முறையாக ஒரு குழுவின் பெயரில் அவர் பெயர் முன்னால் வந்தது.

நாக்ஸ்வில்லில் ஒரு கூச்ச சுபாவ இளைஞர் குழுவில் சேர்ந்தார். வேலை நிலைக்காமல் நிலையம் நிலையமாக அலைந்துகொண்டிருந்த கிட்டார் கலைஞர், பெயர் செட் அட்கின்ஸ். 1950-ல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலிருந்து கார்ட்டர் குழுவுக்கு அழைப்பு வந்தது. அந்தத் துறையில் அதைவிடப் பெரிய மேடை அன்று இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அட்கின்ஸ் வரக் கூடாது. அவ்வளவு நன்றாக வாசிக்கும் ஒருவர் வந்தால் தங்கள் வாய்ப்பு போகும் என்ற பயம் உள்ளூர்க் கலைஞர்களுக்கு இருந்தது.

அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்று கார்ட்டர் குடும்பம் நின்றது. கனவு வேலைக்கான ஆஃபர் கையில் இருக்கும்போது, டீமில் ஒருவருக்காக அதை நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஆப்ரி இறங்கி வந்தது. அந்த இளைஞர் பின்னாளில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தயாரிப்பாளராகி, நாஷ்வில் இசைத்துறையின் போக்கையே மாற்றினார்.

இரவு வேலைக்குப் போன காலம்

1950களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். கார்ட்டர் குழுவும் அவரோடு சில சுற்றுப்பயணங்களில் ஒரே மேடையில் பாடியது. ராக் அண்ட் ரோல் அலையில் பழைய பாணி இசைக்கு மவுசு குறைந்தது. மகள்களுக்குக் கல்யாணம், குழந்தைகள். நிகழ்ச்சிகள் அருகின.

மேபெல் வீட்டில் உட்காரவில்லை. நாஷ்வில்லில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவிச் செவிலியர் வேலையில் சேர்ந்தார். இரவு ஷிஃப்ட். சனிக்கிழமை ஆப்ரி மேடை, மற்ற இரவுகளில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குப் பணிவிடை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவெங்கும் இளைஞர்கள் அவர் பாணியில் கிட்டார் பழகிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதிலிருந்து ஒரு சென்ட் வராது. கைத்திறன் ஊர் சுற்றும், அதை உருவாக்கிய கை வாடகைக்காக உழைக்கும். காப்பிரைட் முறை எதை மதிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று நாம் மேலே பார்த்த கணக்கின் விளைவு இது.

ப்ளூகிராஸ் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

பில் மன்றோவிடமிருந்து பிரிந்து 1948-ல் லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் தொடங்கிய குழுவின் பெயர் ஃபாகி மவுன்டன் பாய்ஸ். அந்தப் பெயரே ஒரு கார்ட்டர் ஃபேமிலி பாட்டிலிருந்து வந்தது. ஸ்க்ரக்ஸை உலகம் பான்ஜோவுக்காகத்தான் அறியும். ஆனால் பக்திப் பாடல்களுக்கு அவர் பான்ஜோவைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை எடுப்பார். அந்த வாசிப்பில் மேபெலின் சாயல் தெளிவாகக் கேட்கும்.

பார்வையற்ற கிட்டார் மேதை டாக் வாட்சன் கிட்டாரில் முதலில் கற்ற பாட்டு ஒரு கார்ட்டர் ஃபேமிலி பாட்டு. ப்ளூகிராஸுக்கு வெளியே போனால் வுடி கத்ரி. அமெரிக்காவின் இரண்டாவது தேசிய கீதம் போலப் பாடப்படும் அவருடைய ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டின் மெட்டு, கார்ட்டர் ஃபேமிலி பதிவு செய்த பழைய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ப்ளூகிராஸ் குழுக்கள் இன்றும் கூடி வாசிக்கும் பொதுவான பாடல்களில் பெரிய பங்கு இந்தக் குடும்பத்தின் பதிவுகள் வழியாக வந்தவை.

அங்கீகாரம் எப்படித் திரும்பி வந்தது?

அவரிடம் கற்றவர்கள்தான் அவரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். 1961-ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் கார்ட்டர் ஃபேமிலி பாடல்களை மட்டும் கொண்ட ஓர் ஆல்பம் செய்தபோது, மேபெலையே அழைத்து வாசிக்க வைத்தார்கள். 1963-ல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் கல்லூரி மாணவர்கள் அவர் விரல்களைப் பார்க்க முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். 1967-ல் அதே விழாவில் சாராவும் வந்து சேர்ந்துகொண்டார்.

மகள் ஜூன் இதற்குள் பாடகர் ஜானி கேஷோடு பாடத் தொடங்கியிருந்தார். 1963-ல் கேஷுக்குப் பெரும்புகழ் தந்த ‘ரிங் ஆஃப் ஃபயர்’ பாட்டை எழுதிய இருவரில் ஜூன் ஒருவர். கேஷ் போதை மாத்திரைகளில் விழுந்து தவித்தபோது மேபெலும் எக்கும் அவரைத் தங்கள் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார்கள். 1968-ல் ஜூனுக்கும் கேஷுக்கும் கல்யாணம். அடுத்த ஆண்டு கேஷின் டிவி நிகழ்ச்சி தொடங்கியது. மாமியார் அதில் வாரந்தோறும் நாடு முழுக்கத் தெரிந்தார்.

1970-ல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் கார்ட்டர் ஃபேமிலி சேர்க்கப்பட்டது. அந்த மரியாதை பெற்ற முதல் குழு அவர்கள்தான். 1971-ல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற நீளமுடி இளைஞர் குழு நாஷ்வில் வந்து, மேபெல், ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன் போன்ற மூத்தவர்களோடு உட்கார்ந்து மூன்று இசைத்தட்டு கொண்ட ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தது. வியட்நாம் போரால் தலைமுறைகள் முறைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. அந்த ஆல்பத்தின் தலைப்பே ஒரு கார்ட்டர் ஃபேமிலி பாட்டின் பெயர்: ‘வில் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’.

மூட்டுவலி விரல்களைப் பிடித்தபோது கிட்டாரைக் குறைத்துக்கொண்டு, சிறுவயது ஆட்டோஹார்ப்பை மறுபடி எடுத்தார். மடியில் படுக்க வைத்து வாசிப்பதுதான் வழக்கம். அவர் அதை நிமிர்த்தி மார்போடு அணைத்து, அதிலும் மெட்டு வாசித்துக் காட்டினார். 1975-ல் எக் இறந்தார். 1978 அக்டோபர் 23 அன்று, 69 வயதில், மேபெல் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1979 ஜனவரியில் சாராவும் போய்விட்டார்.

1993-ல் அமெரிக்கத் தபால்துறை கார்ட்டர் ஃபேமிலிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2001-ல் சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கம், ப்ளூகிராஸ் என்ற பெயரே பிறக்கும் முன் வாசித்த இந்த மூவரையும் தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அதே சங்கம் 1990 முதல் ஆண்டுதோறும் சிறந்த கிட்டார் கலைஞர் விருது கொடுக்கிறது. அதை ஒரு பெண் முதல்முறையாக வென்றது எப்போது தெரியுமா? 2017-ல், மாலி டட்டில். ஒரு பெண்ணின் வலது கையிலிருந்து பிறந்த பாணியைப் பழகித்தான் அந்தத் துறை வளர்ந்தது. அந்தத் துறையின் கிட்டார் விருது ஒரு பெண்ணின் கைக்கு வர 27 ஆண்டுகள் ஆனது. இடையில் 1965-ல் ஹேசல் டிக்கன்ஸும் ஆலிஸ் ஜெரார்டும் தாங்களே முன்னின்று ப்ளூகிராஸ் ஆல்பம் வெளியிட்டார்கள். அவர்கள் பாடிப் பழகியதும் கார்ட்டர் ஃபேமிலி பாடல்களைத்தான்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். எல்லோரும் பயன்படுத்தும் ஒரு டெம்ப்ளேட்டை, ஒரு வேலை முறையைச் சத்தமில்லாமல் உருவாக்கியவர். பிரசன்டேஷனில் வேறு யாரோ பெயர் இருக்கும். மேபெல் கதையில் மனதுக்கு ஆறுதலான பகுதி ஒன்று உண்டு. அவரைப் பார்த்துக் கற்ற ஸ்க்ரக்ஸ் போன்றவர்கள், தாங்கள் பெரிய ஆள் ஆன பிறகு, யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்லி, மேடையில் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். ரிடிலின் பெயர் வெளியே வந்ததும் அப்படி ஒரு நினைவூட்டலால்தான்.

கேட்டுப் பார்க்க நினைத்தால், ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ பாட்டின் 1928 பதிவிலிருந்து தொடங்குங்க. ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, பழைய இசைத்தட்டின் கரகரப்பு கொஞ்சம் இருக்கும். சாரா பாடத் தொடங்கும் முன்னாடியே கிட்டார் தனியாக மெட்டைச் சொல்லிவிடும். வாசிப்பது ஒரே ஆள், வயது 19.